கொடித்தோடை நாற்றுகளில் இலைப்புள்ளி: கண்டறிவது முதல் கட்டுப்படுத்துவது வரை

பேஷன் ஃப்ரூட் எனப்படும் கொடித்தோடையில் நடவுக்குத் தயாராகும் நாற்றுக்கு 8 முதல் 12 இலைகள்தான் இருக்கும். வளர்ந்த கொடியில் நூறு இலை உதிர்ந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். நாற்றில் நான்கு உதிர்ந்தால் வளர்ச்சி பல வாரங்களுக்கு நின்றுபோகும். மிஞ்சியிருக்கும் புள்ளிகளோடு அந்த நாற்றை வயலில் நட்டால் நோயும் கூடவே பந்தலில் ஏறிவிடும். கொடி காய்க்கத் தொடங்கும் பருவத்தில் காயிலும் அதே புள்ளிகள் வந்து நிற்கும். அதனால் இந்த நோயை நாற்றங்காலிலேயே முடிப்பதுதான் செலவு குறைந்த வழி.

பெரும்பாலானோர் புள்ளியைப் பார்த்ததும் கையில் கிடைத்த பூசணக்கொல்லியைக் கலக்கித் தெளித்துவிடுகிறார்கள். அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. எந்தப் பூசணம் என்று தெரியாமல் தெளிக்கும் மருந்தில் பாதி வீண். இலை தினமும் பல மணி நேரம் நனைந்தே கிடக்கும் நாற்றங்காலில் சரியான மருந்தும் தோற்றுப்போகும். இந்த வழிகாட்டி அந்த இரண்டுக்கும் தான் அதிக இடம் தருகிறது.

புள்ளியைப் படிப்பது

காலை வெளிச்சத்தில், இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து, மேல்புறமும் அடிப்புறமும் பாருங்கள். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று அவசியம். வெறும் கண்ணுக்கு எல்லாப் புள்ளியும் பழுப்புதான்.

பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்குவது அல்டர்னேரியா என்னும் பூசணம். முதலில் குண்டூசித் தலை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை விரிந்து ஒரு சென்டிமீட்டரைத் தொடும்போது நடுப்பகுதி வெளுத்து, ஓரம் கருத்து, சிலவற்றில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். சில வகைகளில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். வெப்பமும் மழையும் சேர்ந்த நாட்களில் வேகமாகப் பரவும். தண்டையும் இது விட்டுவைக்காது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் நீளவாக்கில் கரும்பழுப்புத் தழும்பு விழும். அது தண்டைச் சுற்றி வளைத்துக்கொண்டால் அதற்கு மேலுள்ள கொழுந்து காய்ந்துவிடும்.

செப்டோரியா புள்ளி சிறியது, 2 முதல் 4 மில்லிமீட்டர். வெளிர்பழுப்பாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் புள்ளியின் நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்பொட்டுகள் தெரியும். அவைதான் பூசணம் பரவ உதவும் வித்துகளை அடைத்து வைத்திருக்கும் பைகள். இந்த நோயின் கொடுமை புள்ளியின் அளவில் இல்லை, இலை உதிர்வில் இருக்கிறது. ஒரே ஒரு புள்ளி விழுந்த இலைகூட பச்சையாக இருக்கும்போதே உதிர்ந்துவிடலாம். தரையில் பச்சை இலைகள் கிடந்து, அவற்றில் ஒன்றிரண்டு சின்னப் புள்ளிகள் மட்டும் இருந்தால் முதல் சந்தேகம் செப்டோரியாமீது விழ வேண்டும்.

ஆந்த்ராக்னோஸ் எனப்படும் கொலட்டோட்ரைக்கம் நோய் எண்ணெய் பட்டது போன்ற கசிவுப் புள்ளியாகத் தொடங்கும். பிறகு கரும்பழுப்பாகி, ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் விரிந்து, நடுவில் சாம்பல் நிறமாகிக் கிழியும். பல புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையின் ஓரத்தைத் தின்றதுபோல் ஆகும். ஈரமான காலையில் புள்ளியின்மேல் ஆரஞ்சு அல்லது சால்மன் மீன் சதை நிறத்தில் பசை திரண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சொறி நோய்க்குக் காரணம் கிளாடோஸ்போரியம். இது முற்றிய இலையைத் தொடுவதில்லை, கொழுந்தைத்தான் பிடிக்கும். 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் கண்ணாடி போன்ற புள்ளிகள் முதலில் வரும். பிறகு அவை காய்ந்து துளையாகும். நரம்பில் புள்ளி விழுந்தால் இலை அந்தப் பக்கமாகச் சுருண்டு கோணலாக வளரும். ஈரத்தில் சாம்பல் கலந்த பாசிப்பச்சை நிறத்தில் வெல்வெட் போன்ற படலம் தெரியும். 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ந்த, ஈரமான பருவம் இதற்குப் பிடித்தமானது.

ஐந்தாவதான பைட்டோப்தோராவை வேறு கணக்கில் வைக்க வேண்டும். இது உண்மையான பூசணமே இல்லை, நீர்ப்பூசண வகை. இலை வெந்நீர் ஊற்றியதுபோல் பெரிய திட்டாக வெந்து, வெளிர்பழுப்பாகித் தொங்கும். நுனித் தண்டு கருத்து வளையும். மருந்தும் வேறு என்பதால் இதைப் பிரித்தறிவது முக்கியம்.

பூசணம் அல்லாதவை

மருந்து வீணாவதற்கு முதல் காரணம் இந்தப் பட்டியல்தான்.

சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் புள்ளி ஆந்த்ராக்னோஸைப் போலவே எண்ணெய்ப் பசையோடு தொடங்கும். ஆனால் கரும்பச்சையாக, நரம்பைத் தொட்டு நரம்போடு ஓடும், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெளிவாக இருக்கும். சோதிப்பது எளிது. புள்ளியின் ஓரத்தை, நல்ல பகுதியும் கொஞ்சம் சேரும்படி, கூர்மையான பிளேடால் நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் மெல்லிய இழை வடிந்தால் அது பாக்டீரியா. மான்கோசெப், கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லிகள் அதற்கு எதுவும் செய்யாது. தாமிர மருந்து மட்டும் ஓரளவு தடுக்கும். அந்த நாற்றுகளை அழித்துவிடுவதே மேல்.

சிவப்புச் சிலந்திப் பேன் தாக்கினால் இலை முழுவதும் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளுத்து, அடிப்புறம் நூலாம்படை தெரியும். மெக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். நிழலிலிருந்து திடீரென வெயிலுக்கு மாற்றினால் வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம்போல் காயும். இலை தேமல் படிந்து, சுருங்கி, குட்டையானால் அது வைரஸ். எந்த மருந்தும் கேட்காது.

இன்னொன்று புதியவர்களைப் பயமுறுத்தும். கொடித்தோடை நாற்றின் முதல் சில இலைகள் பிளவில்லாமல் முட்டை வடிவில் இருக்கும். மூன்று மடலாகப் பிரிந்த இலைகள் பிறகுதான் வரும். அந்த அடி இலைகள் வயதாகி, சீராக மஞ்சளாகி உதிர்வது இயல்பு. புள்ளியோ கரும்பொட்டோ இல்லாமல் உதிர்ந்தால் கவலை வேண்டாம். இலைக்காம்பின் மேல்நுனியில் உள்ள இரண்டு சிறு முண்டுகளும் நோயல்ல. அவை தேன் சுரப்பிகள். எறும்பு வருவதும் அதற்காகத்தான்.

ஈரப்பெட்டிச் சோதனை

சந்தேகம் தீரவில்லை என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அடியில் ஈரமான காகிதத் துண்டை விரித்து, இலை அதைத் தொடாதபடி இரண்டு குச்சிகள்மீது வையுங்கள். இளம் புள்ளிகள் உள்ள மூன்று நான்கு இலைகளைப் போடுவது நல்லது. முற்றிக் கிழிந்த புள்ளியில் அழுகலைத் தின்னும் வேறு பூசணங்கள் வளர்ந்து குழப்பிவிடும். மூடி, வெயில் படாத இடத்தில் 25 டிகிரி அளவில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். ஆரஞ்சுப் பசை என்றால் ஆந்த்ராக்னோஸ். பாசிப்பச்சை வெல்வெட் என்றால் சொறி. கரும்பொட்டிலிருந்து வெள்ளை நூல் பிதுங்கினால் செப்டோரியா. கரும்பழுப்புத் தூள் படிந்தால் அல்டர்னேரியா. மூன்று நாளைத் தாண்டினால் சோதனையை நம்ப வேண்டாம்.

இலை காய்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது

பூசண வித்து இலைமேல் விழுந்த உடனே நோய் வந்துவிடாது. வித்து முளைத்து உள்ளே நுழைய இலைமேல் நீர்ப்படலம் பல மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும். மாலையில் பூவாளியால் ஊற்றிய நீரும் இரவுப் பனியும் சேர்ந்தால் அந்த நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும். அதே நீரைக் காலையில் ஊற்றினால் சிறிது நேரத்தில் இலை காய்ந்துவிடும். நீர் ஊற்றும் நேரத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஆனால் பலர் கடைசியாகத்தான் இதைச் செய்கிறார்கள்.

பரவும் விதத்தையும் புரிந்துகொள்ளுங்கள். செப்டோரியாவும் ஆந்த்ராக்னோஸும் பசையாகத் திரளும் வித்துகள் உடையவை. காற்றில் பறக்காது. மழைத்துளி தெறித்து, ஈரக்கை பட்டு, கத்தரியில் ஒட்டித்தான் அடுத்த நாற்றுக்குப் போகும். அல்டர்னேரியாவும் கிளாடோஸ்போரியமும் உலர்ந்த வித்துகள் உடையவை, காற்றிலும் வரும். ஆகவே மேலே கூரை போட்டுத் தெறிப்பை நிறுத்தினால் முதல் இரண்டும் ஏறக்குறைய முடங்கும். மற்ற இரண்டின் வித்துகள் காற்றில் வந்து விழும், ஆனால் இலை காய்ந்திருந்தால் அவற்றாலும் நுழைய முடியாது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. 150 முதல் 200 மைக்ரான் தடிப்புள்ள, புறஊதாக் கதிர் தாங்கும் தெளிந்த பாலித்தீன் தாளை நாற்றங்கால்மீது சாய்வாகக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிய கூடாரத்தில் ஆவி தேங்கி, கூரையின் உள்பக்கத்திலிருந்தே துளிகள் சொட்டும். வெறும் நிழல்வலையை மழைக்காப்பாக நினைக்காதீர்கள். அது மழையைத் தடுக்காது, வெயிலைத்தான் தடுக்கும். நனைந்த இலையை இன்னும் மெதுவாகக் காய வைக்கும்.

நிழலின் அளவு முளைப்பின்போது 50 சதவீதம், மூன்றாம் இலை வந்தபின் 30 சதவீதம், நடவுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக முழு வெயில். நீரை வேர்ப்பகுதியில் மட்டும் விடுங்கள். சொட்டுக் குழாயோ மெல்லிய ஹோஸோ போதும். பைகளை ஒட்டி அடுக்குவதுதான் நாற்றங்கால்களில் காணும் மிகப் பொதுவான தவறு. இலைகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கிய அன்றே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை நகர்த்த வேண்டும். கொடித்தோடையின் பற்றுச்சுருள் அடுத்த நாற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இதைத் தாமதித்தால் பிரிக்கும்போது இலை கிழியும். கிழிசல் வழியே பூசணம் எளிதாக நுழையும். 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு நாற்றுக்கும் குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

பைகளை வெறுந்தரையில் வைத்தால் மழையோ நீர்க்குழாயோ பட்டு மண் தெறித்து அடியிலைகளில் ஒட்டும். 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிப்பில் ஜல்லி பரப்புங்கள், அல்லது மேடையில் வையுங்கள். பழைய கொடித்தோடைப் பந்தலின் அருகில் நாற்றங்கால் வேண்டவே வேண்டாம். அங்கே உதிர்ந்து கிடக்கும் இலைகள்தான் எல்லா நோய்க்கும் வித்துக் கிடங்கு.

விதை, ஊடகம், உரம்

புள்ளியில்லாத கொடியில், புள்ளியில்லாத, நன்கு பழுத்த காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள். சதையை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 5 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் விதைமேல் ஒட்டிய வித்துகள் போகும். அதன்பின் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணம், அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் புளுரசன்ஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா பூசுங்கள். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ரசாயனப் பூசணக்கொல்லி பூசிய விதைக்கு டிரைக்கோடெர்மா பூசுவதில் பொருளில்லை, அது செத்துப்போகும்.

ஊடகத்துக்கு, அதாவது பையில் நிரப்பும் கலவைக்கு, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் போதும். மண்ணை ஈரப்படுத்தி, தெளிந்த பாலித்தீன் தாளால் காற்றுப்புகாமல் மூடி, கடும் வெயில் பருவத்தில் 4 முதல் 6 வாரம் விட்டால் நாற்றழுகல் பூசணங்கள் வெகுவாகக் குறையும். நீராவி வசதி இருந்தால் 60 முதல் 70 டிகிரியில் 30 நிமிடம். பையின் அடியில் 6 முதல் 8 துளைகள் இல்லையென்றால் இவையெல்லாம் செய்தும் பயனில்லை.

உரத்தில் ஒரே எச்சரிக்கை தழைச்சத்து பற்றியது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாக, மெல்லியதாக, கரும்பச்சையாகப் பளபளக்கும். வாங்குபவர் கண்ணுக்கு அழகு, பூசணத்துக்கு விருந்து. 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 10 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றினால் போதும். புள்ளி பரவிக்கொண்டிருக்கும் வாரங்களில் அதையும் நிறுத்துங்கள்.

புள்ளி கண்ட அன்று

1. மேல்நீர் பாய்ச்சுவதை உடனே நிறுத்துங்கள். இலைகள் காயும்வரை நாற்றுகளைத் தொட வேண்டாம். ஈரத்தில் கை பட்டால் நீங்களே வித்தைப் பரப்புகிறீர்கள்.

2. நோயுள்ள நாற்றுகளைத் தனி இடத்துக்கு மாற்றுங்கள். ஆரோக்கியமானவற்றுக்கு முதலில் வேலை பாருங்கள், நோயுள்ளவற்றுக்குக் கடைசியில்.

3. புள்ளியுள்ள இலைகளைக் காம்போடு வெட்டி, அங்கேயே பையில் போட்டுக் கட்டுங்கள். ஒரே நாளில் ஒரு நாற்றின் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம். தரையில் உதிர்ந்தவற்றையும் பொறுக்குங்கள். எரிக்கலாம், அல்லது அரை மீட்டர் ஆழத்தில் புதைக்கலாம். உரக்குழியில் போடக் கூடாது.

4. பாதிக்கு மேல் இலை போன நாற்றையும், தண்டில் தழும்பு உள்ள நாற்றையும் தூக்கி எறியுங்கள். தண்டுத் தழும்பு ஆறாது. இங்கே இரக்கம் பார்ப்பவர்தான் பிறகு நூறு நாற்றுக்கு மருந்தடிக்கிறார்.

5. கத்தரியை ஒவ்வொரு சில நாற்றுக்கும் ஒருமுறை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

6. அன்றே தொடு பூசணக்கொல்லி (இலைமேல் படிந்து நின்று காக்கும் மருந்து) ஒன்றைத் தெளியுங்கள். எது என்று கீழே.

இன்று தெரியும் புள்ளி இன்றைக்கு வந்ததல்ல. ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்பு இலை நனைந்திருந்த நாளில் நுழைந்தது. அதனால் மருந்தடித்த பிறகும் சில நாள் புதுப்புள்ளி வரும். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டி மறுநாளே இரட்டிப்பு அளவில் அடிப்பவர்கள் இலையைக் கருக்கிவிடுகிறார்கள். கணக்கு எளிது: மருந்துக்குப் பின் விரிந்த புதிய கொழுந்துகள் சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. பழைய புள்ளி மறையாது.

எந்த நோய்க்கு எந்த மருந்து

கீழுள்ள அளவுகள் ஒரு லிட்டர் நீருக்கு. எந்த மருந்துக்கு எந்தப் பயிரில் அனுமதி என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியம் குளோரோதலோனிலுக்கு 2019இலும், மான்கோசெப்புக்கு 2020இலும் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. லேபிளில் இருப்பதும் இங்கே இருப்பதும் முரண்பட்டால் லேபிளையே பின்பற்றுங்கள்.

தடுப்பு மருந்தாக மான்கோசெப் 75 சதவீத நனையும் தூள் 2 கிராம், அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூள் 2.5 கிராம். இவை இலைமேல் படிந்து நின்று வித்து முளைப்பதைத் தடுப்பவை. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தைத் தொடாது. மழைக்காலத்தில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, தொடர்மழையில் 7 நாளுக்கு ஒருமுறை. வறண்ட பருவத்தில் கூரை போட்ட நாற்றங்காலுக்கு இந்த அட்டவணையே தேவைப்படாது. நோட்டம் மட்டும் போதும்.

அல்டர்னேரியாவுக்கு மான்கோசெப், அதன்பின் அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம் 1 மில்லி அல்லது டைஃபெனோகொனசோல் 25 சதவீதம் 0.5 மில்லி. கார்பென்டாசிம் இங்கே உதவாது. அல்டர்னேரியாவின் மீது அந்த மருந்துக் குடும்பத்துக்கு இயல்பிலேயே பிடிப்பில்லை. எல்லாப் புள்ளிக்கும் கார்பென்டாசிம் அடிக்கும் பழக்கம் உள்ள நாற்றங்கால்களில் பழுப்புப் புள்ளி மட்டும் தப்பித் தழைப்பது இதனால்தான்.

செப்டோரியாவுக்கும் ஆந்த்ராக்னோஸுக்கும் தாமிரம் அல்லது மான்கோசெப்போடு தொடங்கி, தேவைப்பட்டால் கார்பென்டாசிம் 50 சதவீதத் தூள் 1 கிராம் ஒருமுறை. பலன் தெரியாவிட்டால் மறுபடி அதையே அடிக்காதீர்கள். கார்பென்டாசிமை எதிர்க்கும் ஆந்த்ராக்னோஸ் பல பயிர்களில் பரவலாகிவிட்டது. அசாக்ஸிஸ்ட்ரோபினுக்கு மாறுங்கள். சொறிக்குத் தாமிரம், அதன்பின் டெபுகொனசோல் 25.9 சதவீதம் 1 மில்லி. பைட்டோப்தோராவுக்கு மெட்டலாக்சில் 8, மான்கோசெப் 64 சதவீதம் சேர்ந்த தூள் 2 கிராம், அல்லது போசெட்டைல் அலுமினியம் 80 சதவீதத் தூள் 2 கிராம். கார்பென்டாசிம் இதற்கும் உதவாது.

கார்பென்டாசிம், அசாக்ஸிஸ்ட்ரோபின், டெபுகொனசோல் போன்று இலைக்குள் ஊடுருவும் மருந்துகளில் ஒரே குடும்பத்தை நாற்றங்கால் காலத்தில் இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு தொடு மருந்து வரட்டும். டைஃபெனோகொனசோல், டெபுகொனசோல் போன்ற 'கொனசோல்'களை நாற்றில் அடிக்கடி அடித்தால் இன்னொரு விளைவும் உண்டு. கணுவிடை குறுகி, இலை தடித்து, நாற்று வளராமல் நிற்கும்.

கலக்குவதும் தெளிப்பதும்

10 லிட்டர் தெளிப்பானுக்கு 20 கிராம் மான்கோசெப் என்றால் தராசில் நிறுத்த 20 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தூளுக்குத் தூள் எடை மாறும். சிறிதளவு நீரில் குழைத்துக் கூழாக்கி, ஒரு லிட்டராகக் கரைத்து, வடிகட்டி, பாதி நீர் நிரம்பிய தெளிப்பானில் ஊற்றி மீதியை நிரப்புங்கள். நனையும் தூள் அடியில் படியும். அடிக்கடி குலுக்காவிட்டால் முதல் வரிசைக்கு வெறும் நீரும் கடைசி வரிசைக்குக் கருகும் அளவும் போகும்.

கொடித்தோடை இலை மெழுகுப் பளபளப்புள்ளது. ஒட்டும் திரவம் இல்லாமல் அடித்தால் மருந்து முத்து முத்தாக உருண்டு விழும். லிட்டருக்கு 0.5 மில்லி சேருங்கள். அசாக்ஸிஸ்ட்ரோபினோடு எண்ணெய் வகை ஒட்டுப்பொருளும் எண்ணெய்க் கரைசல் மருந்துகளும் கலக்க வேண்டாம், கருகும். புதிய கலவை எதுவானாலும் 10 நாற்றில் அடித்து 4 நாள் பார்த்தபின் மற்றவற்றுக்கு.

நுண்துளிகளாக, அடிப்புறம் முதலில், மேல்புறம் பிறகு. சொட்டத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆயிரம் நாற்றுக்கு 5 லிட்டர் அளவு போதுமானது. காலையில் பனி காய்ந்தபின் அடியுங்கள். மாலையில் அடித்தால் மருந்து நீரே இரவெல்லாம் இலையை நனைத்து வைக்கும். தாமிரம் மெதுவாகக் காய்ந்தால் இலையைச் சுடவும் செய்யும். நண்பகல் வெயிலிலும் வேண்டாம். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. மருந்தடித்த நாற்றங்காலுக்குள் 24 மணி நேரம் யாரும் போக வேண்டாம்.

நாற்றுக்கான போர்டோ கலவை

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த தாமிர மருந்து இது. வளர்ந்த கொடிக்கு 1 சதவீதம். நாற்றுக்கு அதில் பாதி, 0.5 சதவீதம். 10 லிட்டருக்கு 50 கிராம் மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரில் கரையுங்கள். 50 கிராம் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து நீற்றி, 5 லிட்டர் பாலாக்கி வடிகட்டுங்கள். மயில்துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிதிரியாகத் திரண்டு தெளிப்பான் மூக்கை அடைக்கும். துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செந்நிறம் படிந்தால் தாமிரம் கட்டுப்படாமல் இருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி சோதியுங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. வேறு எந்த மருந்தையும் இதோடு கலக்காதீர்கள்.

தாமிரம் சுட்டதா, நோயா என்று குழம்பினால் பரவலைப் பாருங்கள். மருந்துக் கருகல் ஒரே வயதுள்ள இலைகளில், எல்லா நாற்றிலும், ஒரே நாளில் தெரியும். நோய் ஒரு மூலையில் தொடங்கி நகரும்.

உயிர்ப் பூசணக்கொல்லிகள்

சூடோமோனாஸ் புளுரசன்ஸ் லிட்டருக்கு 5 கிராம் வீதம் மூன்றாம் இலைப் பருவத்திலிருந்து 10 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். முன்கூட்டியே தொடங்கினால்தான் பலன். புள்ளி நிறைந்த நாற்றைக் காப்பாற்ற இதை நம்ப வேண்டாம். டிரைக்கோடெர்மா வேருக்கும் நாற்றழுகலுக்கும் உரியது. ஒரு கிலோவை 100 கிலோ மக்கிய உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் பெருக்கி ஊடகத்தில் சேருங்கள். தாமிரமோ கார்பென்டாசிமோ அடிக்கும் நாற்றங்காலில் அந்த மருந்துக்கும் இந்த உயிர்ப் பூசணக்கொல்லிகளுக்கும் நடுவே 10 முதல் 15 நாள் இடைவெளி விடுங்கள்.

ஒட்டு நாற்றுகள்

ஃபியூசேரியம் வாடல் நோயைத் தாங்குவதற்காக ஊதா வகையை மஞ்சள் வகை வேர்ச்செடிமேல் ஒட்டுகிறார்கள். ஒட்டு கூடும்வரை பாலித்தீனுக்குள் அடைத்து வைக்கும் நாட்கள்தான் ஆந்த்ராக்னோஸுக்குத் திருவிழா. ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய்க்கொடிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மான்கோசெப் அடியுங்கள். குச்சியில் இலையை முழுவதும் நீக்குங்கள். கணுவில் கருந்தழும்பு உள்ள குச்சி வேண்டாம். மூடிய உறையைத் துளிர் தெரிந்ததும் தினமும் சிறிது நேரம் திறந்து, ஒரு வாரத்தில் முழுவதும் எடுத்துவிடுங்கள். உறைக்குள் விழுந்த இலையை அன்றன்றே எடுக்க வேண்டும். ஒரே ஓர் அழுகிய இலை போதும், அந்த உறை முழுவதும் போய்விடும்.

நடவுக்கு அனுப்பும் முன்

கடைசித் தெளிப்பு நடவுக்கு 5 முதல் 7 நாள் முன்பு. நடும் அன்று ஒவ்வொரு நாற்றையும் கையில் எடுத்துக் கணுக்களைப் பாருங்கள். இலையில் ஒன்றிரண்டு பழைய புள்ளி இருந்தால் அந்த இலையைக் கிள்ளிவிட்டு நடலாம். கணுவில் தழும்பு இருந்தால் நடக் கூடாது. அடியிலை இரண்டைக் கிள்ளிவிடுவது நல்லது. அவைதான் மண் தெறிப்பை முதலில் வாங்குபவை. நட்டபின் அடியில் காய்ந்த புல்லோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தண்டோடு ஒட்டி வைத்தால் கழுத்து அழுகும். முதல் மாதம் முழுவதும் வாரம் ஒருமுறை லென்ஸோடு ஒரு சுற்று வாருங்கள். கொடி கம்பியைத் தொட்டு, புதிய இலைகள் சுத்தமாக இருந்தால் தெளிப்பு இடைவெளியை மூன்று வாரமாக நீட்டலாம்.